மொட்டை மாடி ஷீட் ரூமும் என் ஈசலும்

போன ஞாயிற்றுக்கிழமை கிழக்குச் சுவரில் இருந்த பிளைவுட் பலகை இரண்டையும் கழற்றி இறக்கினோம். பின்பக்கம் ஆசாரி அண்ணா சாக்பீஸால் போட்ட நம்பர் அழியாமல் இருந்தது. 1 மேலே, 2 கீழே, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. 2016இல் போட்டது. ஓனரம்மா மேலே ஒரு மாடி எழுப்பப் போகிறார், அதனால் பெங்களூரு லிங்கராஜபுரத்து மொட்டை மாடியில் இருக்கும் இந்த ஷீட் ரூம் போகிறது, அதோடு நான் படம் வரையும் ஸ்டுடியோவும். போவதற்குள் இந்த இடம் எப்படி எப்படியெல்லாம் மாறியது என்று எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டிராயிங் கிளாஸுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் "வீட்டுல ஒரு ஸ்டுடியோ போடணும்னா என்னென்ன வாங்கணும் மிஸ்" என்று கேட்பார்கள், ஒரு தடவைகூட உருப்படியாகப் பதில் சொன்னதில்லை. திட்டம் போட்டு வாங்கியதில் பாதி சிவாஜிநகர் குஜரிக்கே, அதாவது பழைய சாமான் சந்தைக்கே, திரும்பிப் போய்விட்டது. ஏதோ ஒரு தொல்லை பொறுக்க முடியாமல் போய், அன்றைக்கே கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப் போட்டேனே, அதெல்லாம்தான் இன்னும் நிற்கிறது.

ஆரம்பம் அல்சூரில், 2009இல். ஒரு பெட்ரூம் வீடு, நான், வீட்டுக்காரர், அம்மா. ஹாலில் டிவிக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில் ஐந்தடி இடம். கேன்வாஸை நிறுத்தி வைத்து வரையும் தாங்கி இருக்கிறதே, ஈசல், அதை வைத்தால் பாத்ரூம் கதவு திறக்காது. அதனால் தரையில் உட்கார்ந்துதான் வரைந்தேன், கோலம் போட்டு வளர்ந்த கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. சாப்பிட உட்காரும் மணைப்பலகைதான் கலர் வைக்கும் மேசை. டர்பன்டைன் ஊற்றிக் கரைக்கும் ஆயில் பெயிண்டில் ஆரம்பித்தேன், இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன். சாம்பாரில் டர்பன்டைன் வாடை அடிக்கிறது என்று அம்மா சொன்னது உண்மைதான், எனக்கே அடித்தது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறியது ஏதோ கலைத் தேடல் என்று ஒரு கண்காட்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். பொய். சாம்பார்தான் காரணம்.

அந்த வருஷங்களில் வரைந்த ஆட்களுக்கெல்லாம் தலை பெரிதாக இருக்கும். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "ஏன்டி எல்லாரும் பல்லி முட்டை தின்ன மாதிரி தலையும் கையுமா இருக்காங்க?" பல்லி முட்டைக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் தலை விஷயம் சரி. கேன்வாஸைத் தரையில் படுக்கப் போட்டு அதன் கால்மாட்டில் உட்கார்ந்தால், தூரத்தில் இருக்கும் மேல்பாதி கண்ணுக்குக் குறுகித் தெரியும். கை அதைச் சரிக்கட்ட மேல்பாதியை நீட்டி வரைந்துவிடும். சுவரில் நிமிர்த்தி வைத்ததும் தலை வீங்கி நிற்கும். ஒரு அரிசி டின்மேல் சாய்த்து வைத்து வரைய ஆரம்பித்ததும் பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதியை வேண்டும் என்றே விட்டுவிட்டேன், இப்போது பார்க்கிறவர்கள் அதை என் பாணி என்கிறார்கள்.

அடுத்து 2014இல் மர்பி டவுனில் ஒரு ஷட்டர் கடை, பத்துக்குப் பன்னிரண்டு. முதல் தடவையாகச் சொந்தச் சாவி என்ற சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை. மேற்குப் பார்த்த கடை. ஷட்டரைத் திறந்தால்தான் வெளிச்சம், திறந்தால் ரோட்டுப் புழுதி, மூன்று மணிக்குமேல் நேராக வெயில். மூடினால் காற்று கிடையாது. போகிற வருகிறவர்களெல்லாம் "நம்பர் பிளேட் எழுதுவீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு டீக்கடைக்கு விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்தேன், அந்த மாதத்தில் என் ஓவியம் எதற்கும் கிடைக்காத பாராட்டு அதற்குக் கிடைத்தது, மூன்று வாரம் டீயும் ஓசி. அங்கே இருந்த 19 மாதத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

ஷீட் ரூமுக்கு வருகிறேன். பதினொன்றுக்குப் பதினாலு, 154 சதுர அடி. அஸ்பெஸ்டாஸ் கூரை, சிவப்பு ஆக்ஸைடு தரை, வடக்குச் சுவரில் கிழக்கு மூலையிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு ஜன்னல், தெற்கே கதவு. வாடகை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வடக்கு ஜன்னலைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஓவியம் படித்த எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது வடக்கு வெளிச்சம்தானே, நேர் வெயில் படாது, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று. கிழக்குப் பார்த்து நின்றால் வெளிச்சம் இடதுகைப் பக்கம் வரும், வலதுகையால் வரையும்போது கை நிழல் படத்தின்மேல் விழாது. எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

மே மாதம் வந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு, ஜன்னல் பக்கத்துக் கிழக்குச் சுவரில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு மஞ்சள் கீற்று. வடக்கு ஜன்னலில் வெயிலா என்று வெளியே போய்ப் பார்த்தேன். அந்த வடக்கு வெளிச்சப் பாடம் பாரிஸ், லண்டன்காரர்கள் எழுதியது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் மத்தியான சூரியன் எப்போதும் தெற்கேதான் இருக்கும். பெங்களூரு இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் குச்சியை நட்டு வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். அதற்கப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நேர் மேலே வரும்வரை சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. மத்தியானம் உயரத்தில் இருப்பதால் சன்ஷேட் தடுத்துவிடும். சாயங்காலம் வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும்போது சன்ஷேட் என்ன செய்யும்?

முதல் வருஷம் திரை போட்டேன், அறையே இருண்டுவிட்டது. இரண்டாம் வருஷம் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டினேன், கீற்று போய் முழு ஜன்னலும் மஞ்சளாக ஒளிர்ந்தது, அது இன்னும் மோசம். மூன்றாம் வருஷம்தான் புத்தி வந்தது. தொல்லை வருவது ஒரே ஒரு பக்கத்திலிருந்து, அந்தப் பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும். ஜன்னலுக்கு வெளியே மேற்கு ஓரத்தில், ஜன்னல் உயரத்துக்கு, ஒன்றரை அடி துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு சிமென்ட் போர்டை எல் ஆங்கிள் வைத்து முடுக்கினேன். கதவை அரையில் திறந்து வைத்த மாதிரி இருக்கும் பார்க்க. உள்பக்கம் வெள்ளை அடித்தேன், கொஞ்சம் வெளிச்சத்தையும் திருப்பிக் கொடுக்கட்டும் என்று. மொத்தச் செலவு 640 ரூபாய். அதற்கப்புறம் மே, ஜூனில் கீற்று இல்லை. இந்த அறையில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு ரொம்பப் பெருமை இதில்தான், ஓனரம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை, புறாவுக்கு வீடு கட்டியிருக்கிறாயா என்றார். புறாவும் வந்தது என்பது வேறு விஷயம்.

ராத்திரி வெளிச்சத்தில் செய்த தப்பு கொஞ்சம் காசு தின்றது. எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைத்ததே என்று 6500 கெல்வின் எல்இடி பட்டி இரண்டை மாட்டினேன். கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்லும் எண், கூடக் கூட நீலம். பளிச்சென்று ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் தோல் நிறம் எல்லாம் செத்துத் தெரியும், அதனால் கை தானாகக் காவியும் ஆரஞ்சும் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கேலரியில் மஞ்சள் ஸ்பாட் லைட்டின் கீழே அந்தப் படங்களை மாட்டியபோது அத்தனை பேரும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றார்கள். இப்போது இருப்பது 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்குமேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் விளக்கு. விலை இரண்டரை மடங்கு. எத்தனை வாட் என்பதைவிட இந்த இரண்டு நம்பரைப் பார்த்து வாங்குங்கள். வயர் பைப்பை ஷீட்டில் துளை போட்டு மாட்ட எலக்ட்ரீஷியன் கிளம்பினார், நான் தடுத்துவிட்டேன். அஸ்பெஸ்டாஸைத் துளைத்தால் வரும் தூள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்புக் குழாய்ச் சட்டத்திலேயே கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டோம்.

இப்போது ஈசல். மர ஈசல் ஒன்று காலேஜ் காலத்திலிருந்து கூடவே வருகிறது. ஷீட் ரூமுக்கு வந்தபின் மறுபடி ஆயிலுக்குத் திரும்பியிருந்தேன், வாடையைச் சகித்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை. ஒரு மே மாதம், கோடை மழை அடித்து ஓய்ந்த சாயங்காலம், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே காபி குடிக்கப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தால் ஈசலில் ஈசல். அரை மணி நேரத்துக்குமுன் பூசிய வானம் முழுக்க இறக்கை. சில உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தன, நகர்ந்த வழியெல்லாம் கோடு. புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன், இழுத்தால் உடம்பு வரும், இறக்கை மட்டும் பெயிண்டிலேயே தங்கிவிடும். பதினொன்றரை மணிவரை எடுத்தேன். மறுநாள் கொசுவலை அடித்த சட்டம் ஒன்றைச் செய்து ஜன்னலில் கீல் போட்டு மாட்டினேன். அந்தப் படம் அடுத்த வருஷம் விற்றது. வலது மேல் மூலையில், வார்னிஷுக்குக் கீழே, இரண்டு இறக்கை இன்னும் இருக்கிறது. வாங்கியவர் மைக்கா துகளா என்று கேட்டார், ஆமாம் மாதிரி தலையை ஆட்டிவிட்டேன்.

ஆயிலுக்குத் திரும்பியதில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன், இது விளையாட்டில்லை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். ஏப்ரல் மாதம் ஒருநாள் பக்கெட்டை நகர்த்தக் கையை வைத்தால் சூடு. வெயில் படாத மூலை அது. அந்த எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாகிற மாதிரி இல்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு கிளம்பும். விரித்துப் போட்ட துணியில் சூடு வெளியேறிவிடும், கசக்கிய குவியலுக்குள் தங்கித் தங்கி ஏறித் தானே பற்றிக்கொள்ளும். அன்றிலிருந்து மூடி போட்ட பிஸ்கட் டின்னில் பாதி தண்ணீர் ஊற்றி அதற்குள்தான் துணி. தெற்குச் சுவரில் கதவுக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் அந்த வாரம்தான்.

சூட்டைப் பற்றிச் சொன்னால் கூரையைச் சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷீட்டுக்குக் கீழே அப்பளம் காயப் போடலாம். அழகாக இருக்குமே என்று மூங்கில் தட்டி வாங்கி உள்கூரை போட்டேன், ஆறாயிரம் ரூபாய். ஒரு வருஷம் ஜோராக இருந்தது. அப்புறம் மூங்கில் உளுத்துப்போய், மாவு மாதிரி மஞ்சள் தூள் கொட்ட ஆரம்பித்தது, எங்கே என்றா கேட்கிறீர்கள், ஈரப் பெயிண்டின்மேல்தான். பிய்த்து எறிந்தாயிற்று. அலுமினிய ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட்டைக் குழாய்ச் சட்டத்துக்குக் கீழே இழுத்துக் கட்டி, மேலே கூரைக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு கோட் சுண்ணாம்பு. பார்க்க அழகு இல்லை, உட்கார முடிகிறது.

மழை வேறு கதை. 2022 செப்டம்பரில் ஊரே மிதந்ததே, அப்போது மூன்று இடத்தில் ஒழுகியது. ஷீட் உடையவில்லை. ஷீட்டை இரும்புக் குழாயோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் சிலவற்றை, யாரோ வளைவின் மேட்டில் போடாமல் பள்ளத்தில் போட்டிருந்தார்கள். பள்ளம்தான் தண்ணீர் ஓடும் வாய்க்கால், அதில் ஓட்டை போட்டால் தண்ணீர் வேறு எங்கே போகும். தார் வாஷர் மாற்றி மேலே எம்-சீல் அப்பினேன். வருஷா வருஷம் ஜூனுக்குமுன் அதை ஒரு தடவை தடவிப் பார்ப்பது இப்போது சடங்கு.

சுவரில் மாட்டிய பலகைக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் ஸ்டுடியோவே. ஈசலில் சின்னப் படங்கள், மீதி எல்லாம் இந்தச் சுவரில். தருமபுரிப் பக்கத்து ஆசாரி அண்ணா ஒருவர் வந்தார். எட்டுக்கு நாலு, 18 மில்லி பிளைவுட் இரண்டு, படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று. நேராகச் சுவரில் அடித்துவிடலாமே என்றேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, எடுத்து, கையை என் பக்கம் காட்டினார். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, லேசாக ஈரம். "ஓதம் ஏறுது பாரும்மா. பலகையை ஒட்டி வச்சா ரெண்டே மழையில உப்பிப் போயிடும். ரெண்டுக்கு ஒண்ணு ரீப்பர் அடிச்சு, இடையில காத்து ஓட விடுறேன்." ரசமட்டம் வைத்து ரீப்பர் மரச்சட்டம் ஒவ்வொன்றையும் பார்த்தார், சுவர் உள்வாங்கிய இடத்தில் பிளை துண்டைச் செருகினார். ஃபெவிகால் டப்பாவை நான் நீட்டியபோது வாங்கவே இல்லை. "வாடகை வீட்டுக்குப் பசை போடக்கூடாது. ஸ்க்ரூ மட்டும். நாளைக்கு நீ போறப்ப கூட வரணும்ல." அப்புறம்தான் சாக்பீஸை எடுத்து நம்பர் போட்டார்.

அந்தப் பலகைக்குச் சாம்பல் அடித்தேன். வெள்ளை அடித்துப் பார்த்துவிட்டுத்தான். வெள்ளைச் சுவரில் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும், அதை நம்பி வெளுப்பாகப் பூசிக்கொண்டே போவோம். வெள்ளை எமல்ஷனில் கறுப்பு ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுச் சாம்பல் வரும்வரை கலக்கினேன். கலர் கலக்கும் கண்ணாடிப் பேலட்டுக்குக் கீழேயும் அதே சாம்பல் அடித்த அட்டை. பேலட்டில் பார்க்கும் நிறமும் சுவரில் பார்க்கும் நிறமும் ஒன்றாக இருக்க இது ஒன்றே போதும் என்பேன். அந்தப் பேலட் உட்கார்ந்திருப்பது ஒரு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் டிராலியில், குஜரியில் 1,400 ரூபாய். முன்பு ஆசையாக வாங்கிய தேக்கு மேசை ஒரே இடத்தில் நின்று என்னை அங்குமிங்கும் நடக்க வைத்தது. இந்த டிராலி, நான் எங்கே நிற்கிறேனோ அங்கே வந்து நிற்கும். ஒரு சக்கரத்தில் மட்டும் மாதம் ஒரு தடவை என் தலைமுடி சுற்றிக்கொள்ளும், பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும்.

இடம் போதவில்லை என்று புலம்பும்போதெல்லாம் சிற்பி ஜாக்கொமெட்டியை நினைத்துக்கொள்வேன். பாரிஸில் சுமார் 23 சதுர மீட்டர் அறை, நம் கணக்கில் கிட்டத்தட்ட 250 சதுர அடி, 1926இல் போனவர் 1966இல் சாகும்வரை அதை விடவில்லை. குப்பை போட்டு வைத்திருக்கிறாயே என்று அம்மா திட்டும்போது ஓவியர் பிரான்சிஸ் பேக்கனை இழுப்பேன். லண்டனில் அவர் சுவரையும் கதவையுமே பேலட்டாக வைத்துக்கொண்டவர். அவர் இறந்தபின் அந்தக் குப்பையை அகழ்வாராய்ச்சிக்காரர்களை வைத்து அளந்து, ஏழாயிரத்துக்குமேல் பொருட்களுக்குப் பட்டியல் போட்டு, அப்படியே டப்ளினுக்குத் தூக்கிப்போய் 2001இல் ஒரு கேலரிக்குள் திறந்தார்கள். "அந்தப் புண்ணியவானுக்கு வாடகை யாரு கட்டினா?" என்று கேட்டார் அம்மா.

என் படங்களை மாற்றியது கடைசியில் வெளிச்சமும் இல்லை, சுவரும் இல்லை, மாடிப்படி. 2018இல் ஐந்துக்கு நாலு கேன்வாஸ் ஒன்று. நல்லதாக வந்தது, கண்காட்சிக்குக் கேட்டார்கள். சட்டத்தை ஷீட் ரூமிலேயே அடித்து, துணியை அங்கேயே இழுத்துக் கட்டியது என்பதால் அது படியில் ஏறியதே இல்லை, இறங்குமா என்று நான் யோசித்ததும் இல்லை. வெளிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நெட்டுக்குத்தலாக, படுக்கையாக, மூலைவாட்டில், கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கி, எதுவும் நடக்கவில்லை. டெம்போ டிரைவர் கீழே ஹாரன் அடிக்கிறார். மாடியிலேயே ஆணிகளைப் பிடுங்கி, துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, பிவிசி குழாயில் சுற்றி எடுத்துப் போனோம். பெயிண்ட் பக்கம் வெளியே இருக்கும்படிச் சுற்ற வேண்டும். உள்ளே வைத்துச் சுற்றினால் பெயிண்ட் நெருக்கப்பட்டு மடிந்து உதிரும். இது தெரிந்திருந்ததால் படம் பிழைத்தது.

அன்று ராத்திரி அந்தத் திருப்பத்தை அளந்தேன். இரண்டடி பத்தங்குலம். பலகையில் சாக்பீஸால் நாலுக்கு மூன்றரை என்று ஒரு கட்டம் போட்டேன், அதைத் தாண்டக்கூடாது. அதற்கப்புறம் பெரிய படம் என்றால் இரண்டு துண்டு, மூன்று துண்டு. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த இடைவெளியில் என்ன விடலாம், எதை வெட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்து, இப்போது ஆறேழு வருஷமாக நான் வரைவதே அந்த வெட்டைச் சுற்றித்தான்.

படங்களை அடுக்கும் ரேக், தரையிலிருந்து ஆறங்குலம் தூக்கியது, நேற்றுப் பிரித்தாயிற்று. பலகை இரண்டும் ஓரமாகச் சாய்ந்து நிற்கின்றன, ஸ்க்ரூ 46, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். ஹென்னூர் பக்கம் ஒரு இடம் பார்க்க நேற்று வீட்டுக்காரரோடு போனேன். முதல் மாடி, நல்ல கான்கிரீட் கூரை. புரோக்கர் மேலே ஏறிப் போய்க் கதவைத் திறந்து, "வாங்க மேடம், வடக்கு ஜன்னல் இருக்கு பாருங்க" என்று கூப்பிட்டார். நான் இன்னும் பாதிப் படியில், டேப்பின் ஒரு நுனியை வீட்டுக்காரர் பிடித்திருக்க, திருப்பத்தை அளந்துகொண்டிருந்தேன். மூன்றடி ஓரங்குலம்.